பயண நேரம் மூன்று நிமிடம்

"சிங்கப்பூருக்கு எவ்வளவு தூரம் தாயி?"

"மூவாயிரம் கிலோமீட்டருங்க ஐயா."

"எவ்வளவு நேரம்?"

"மூணு நிமிஷம்."

திருச்சி விமான நிலையத்தின் விசாரணைக் கவுன்ட்டரில் அம்சவேணி நாளுக்கு நூறு முறையாவது இதைச் சொல்வாள். கேட்ட பெரியவர் மணப்பாறைக்காரர். முதல் பயணம். மகளுக்கென்று ஒரு பை நிறைய முறுக்கு வைத்திருந்தார். பதில் கிடைத்த பிறகும் அவர் நகரவில்லை.

"சாப்பாடு உண்டுன்னு சீட்டுல போட்டிருக்கே. மூணு நிமிஷத்துல எலையை விரிக்கறதுக்குள்ள எறக்கி விட்டுருவாங்களே."

அம்சவேணி சிரித்தாள். "மூணு நிமிஷம் வெளியில இருக்கற எங்களுக்கு. உள்ள உக்காந்திருக்கற உங்களுக்கு அஞ்சு மணி நேரம். நல்லா சாப்பிட்டு ஒரு தூக்கம் போடலாம். எறங்கினதும் கடிகாரத்தை மட்டும் சரி பண்ணிக்கங்க."

"அப்ப என்னோட அஞ்சு மணி நேரம் போனது போனதுதானா?"

"பழைய விமானத்துலயும் உக்காந்துதானே ஐயா போனாங்க. உங்களுக்கு நஷ்டமில்ல. ஊருக்குத்தான் லாபம்."

பெரியவர் யோசித்தார்.

"நான் ஒரு தடவை போறேன், ஒரு தடவை வரேன். சரி. இதை ஓட்டறவன் தெனமும் போவானே. அவன் கதி என்ன?"

"பின்னால ஆளுங்க நிக்கறாங்க ஐயா," என்றாள் அம்சவேணி.

ஓட்டுபவர்களில் ஒருவன் அவள் கணவன் சபேசன்.

விமானங்கள் மூன்று நிமிடத்தில் போகிற சுருக்குப் பாதை வந்து பதினான்கு வருடம் ஆகிறது. காலையில் சிங்கப்பூர் போய் வேலையை முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறார்கள். மகன் வரவேண்டும் என்று இறந்தவரை ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருப்பது நின்றுபோயிற்று. செய்தி போன இரண்டு மணி நேரத்தில் மகன் வாசலில் நிற்கிறான். யாருக்கும் குறையில்லை.

சபேசனுக்கு ஒரு நாளைக்குப் பத்து நடை. ஊர்க் கணக்கில் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை. உள்ளே அதற்கு மேல் ஐம்பது மணி நேரம் ஓடியிருக்கும். விமானிகள் இரண்டு பேர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் படுத்துக்கொள்வார். விமானத்துக்கு ஜன்னல் கிடையாது. அந்தப் பாதையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

கம்பெனிச் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அம்சவேணி காலையில் ஆறு டப்பா கட்டுவாள். மேலே இட்லி, அதன் கீழே சாம்பார் சாதம். கெடாதவை அடியில். புளிசாதத்தை அவன் மூன்றாம் நாள் சாப்பிடுவான். அவளுக்கு அப்போது மாலை ஐந்தரை ஆகியிருக்கும்.

முகம் மழித்துக்கொண்டு போகிறவன் இரண்டு நாள் தாடியோடு திரும்புவான். அது பழகிவிட்டது. பழகாதது வேறு. காலையில் போட்ட சண்டை மாலையிலும் அவளுக்கு ஆறியிருக்காது. அவனுக்கு அது முந்தாநாள் விஷயம்.

"எதுக்கு அம்சா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்பான். நடிப்பல்ல. மறந்திருப்பான்.

இருபத்தெட்டு வயதில் வேலையில் சேர்ந்தான். பதின்மூன்று வருடம். ஆதார் அட்டைப்படி நாற்பத்தொன்று. அம்சவேணிக்கு முப்பத்தேழு. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒருநாள் நடத்துநர் முன் இருக்கைப் பையனை எழுப்பி, "அப்பாவை உக்கார வைம்மா, பாவம் மூச்சு வாங்குது," என்றார். சபேசன் நன்றி சொல்லி உட்கார்ந்துகொண்டான். இறங்கும்போது, "மகளே, பாத்து எறங்கு," என்றான். அவள் அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். பிறகு அழுதாள்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. தத்தெடுக்கப் பதிவு செய்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்துப் போனார்கள். மருத்துவச் சான்று, காவல்துறைச் சான்று எல்லாம் முடிந்திருந்தது. வரிசை எண் நாற்பதுக்குள் வந்ததும் அம்சவேணிக்குப் பயம் தொடங்கியது. ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருடம். அவனுக்கு அது ஐந்து வருடம். வருகிற குழந்தைக்கு ஒரு அப்பா வேண்டும். அவர் கொஞ்ச காலமாவது இருக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வக்கீல் மெஹருன்னிசாவின் அலுவலகம் பாலக்கரையில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்துவிட்டு அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினஞ்சு வருஷ சர்வீஸ், இல்லைன்னா அறுபது வயசு. எது முன்னாடி வருதோ அதுவரைக்கும் வேலையை விட முடியாது. இப்படித்தான் எழுதியிருக்கான்."

"அவருக்கு அறுபது ஆயிருச்சுங்க மேடம்."

"அதை யாரு சொல்றது? நீ சொல்ற. அவர் முட்டி சொல்லுது. பேப்பர் சொல்லலையே." மெஹருன்னிசா சபேசன் பக்கம் திரும்பினார். "சார், எஞ்சினை எப்ப மாத்துவாங்க?"

"இருபதாயிரம் மணி நேரத்துக்கு ஒரு தடவை."

"எந்த மணி? வெளி மணியா, உள் மணியா?"

"உள் மணிதான். வெளி மணியைப் பாத்தா எஞ்சின் பாதி வழியில நின்னுருமே."

"அதுக்குக் கடிகாரம்?"

"ஒவ்வொரு வண்டியிலயும் இருக்கு. யாரும் தொட முடியாது. சீல் வெச்சது."

மெஹருன்னிசா மேஜையைத் தட்டினார். "எஞ்சினுக்கு உள் மணி, அதை ஓட்டற ஆளுக்கு வெளி மணியா? வரட்டும், கேக்கறேன்."

எழுதத் தொடங்கியவர் நடுவில் நிறுத்தினார். "அம்சவேணி, இந்த வேலைக்கு மட்டும் வயசைத் திருத்திக் கேக்கட்டுமா, எல்லா உபயோகத்துக்குமா?"

"வித்தியாசம் என்னங்க?"

"மொதல்லது இந்த ஒப்பந்தத்துக்கு மட்டும். ரெண்டாவதுன்னா ஆதார்லேர்ந்து எல்லாம் மாறும். கேக்கறது கேக்கறோம், முழுசா கேப்போம்னு எனக்குத் தோணுது. நீ சொல்லு."

அம்சவேணி கணவனைப் பார்த்தாள். அவன் கீழே பேக்கரியிலிருந்து வந்த ரொட்டி வாசனையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். பதின்மூன்று வருடமாக யாரும் ஒத்துக்கொள்ளாத ஒன்றை ஒருவராவது காகிதத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

"எல்லாத்துக்கும்," என்றாள்.

வழக்கு எட்டு வாரம் நடந்தது. தீர்ப்பாயத்தில் கம்பெனி வக்கீல், வயது என்பது பிறந்த தேதியிலிருந்து இன்றைய தேதிவரை, வேறு கணக்கு உலகத்தில் கிடையாது என்றார். மெஹருன்னிசா சீல் வைத்த கடிகாரங்களின் பதிவுகளை எடுத்து வைத்தார். பதிவுகளை நீதிபதி கூட்டிப் பார்த்தார். பிறகு சபேசனை எழுந்து நிற்கச் சொன்னார். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உட்காரச் சொன்னார். அடுத்த வாரம் தீர்ப்பு வந்தது. சபேசனுக்கு அறுபது வயது நிறைவடைந்துவிட்டது. எல்லா உபயோகத்துக்கும்.

அன்று மாலை அவன் சீருடையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

பன்னிரண்டு நாள் அவன் வீட்டில் இருந்தான். காலையில் மழித்த முகம் மாலையிலும் அப்படியே இருந்தது. அதை அவன் தடவித் தடவிப் பார்த்தான். காலையில் அவள் சொன்னது மாலையில் அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஒருநாள் தக்காளி வாங்கி வரவில்லை என்று தொடங்கிய சண்டையை இருவருமாகப் படுக்கும்வரை இழுத்தார்கள். அம்சவேணிக்குச் சந்தோஷமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் திருக்கடையூர் போனார்கள். அறுபது முடிந்தால் தம்பதிகள் அங்கே போய் மறுபடி தாலி கட்டிக்கொள்வார்கள். பிராகாரம் முழுக்க அன்றும் கலசங்கள், மாலையும் கழுத்துமாக வயதான ஜோடிகள், வீடியோ எடுக்கும் பிள்ளைகள். குருக்கள் அவர்களைப் பார்த்ததும் அம்சவேணியிடம், "அம்மாவை அழைச்சுண்டு வாங்கோ, நேரமாறது," என்றார்.

"நான்தாங்க சம்சாரம்," என்றாள்.

குருக்கள் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. வருடமும் நட்சத்திரமும் கேட்டார். சபேசன் சொன்னான். அவர் விரலை மடித்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"நாப்பத்தொண்ணுன்னா வரது?"

அம்சவேணி பையிலிருந்து தீர்ப்பின் நகலை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் தூணோரம் வெளிச்சத்தில் நின்று கடைசிவரை படித்தார். திருப்பிக் கொடுக்கும்போது குரல் தணிந்திருந்தது.

"அம்மா, அறுபது வருஷம் ஒரு சுத்து. இவர் பிறந்த வருஷம் அதே பேரோட திரும்பி வரணும். அப்பத்தான் இதைப் பண்றது. கோர்ட்டு சொன்னா வயசு ஆயிடும். வருஷம் திரும்பாதே."

"திரும்பும்போது இவர் இருக்கணுமேங்க," என்றாள் அம்சவேணி.

குருக்கள் உள்ளே போய் இரண்டு மாலையும் ஒரு கலசமும் எடுத்துவந்தார். மந்திரம் எதையும் குறைக்காமல் சொன்னார். கலச நீரைச் சபேசன் தலையில் ஊற்றினார். நரைமுடி நெற்றியில் ஒட்டிக்கொண்டது. தாலி கட்டும்போது முடிச்சு நழுவியது. பக்கத்து ஜோடியின் பேரன் ஒருவன், "அந்தத் தாத்தா ரெண்டாவது கல்யாணம் பண்றாரு," என்று கத்தினான். அவன் அம்மா வாயைப் பொத்தினாள். சபேசன் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஈரத் துணியோடு அவர்கள் வெளியே வந்தபோது அலைபேசி அடித்தது. தத்தெடுப்பு மையம்.

"உங்க முறை வந்துருச்சும்மா. பெண் குழந்தை. ஏழு மாசம். நாளைக்கே ரெண்டு பேரும் வாங்க. ஆதார் மட்டும் புதுசா ஒரு நகல் எடுத்துட்டு வந்துருங்க."

மையத்தின் அதிகாரி பிலோமினாவுக்கு ஐம்பது வயதிருக்கும். புகைப்படத்தை முதலில் காட்டினார். குழந்தை கேமராவைப் பார்க்காமல் எங்கோ மேலே, மின்விசிறியையோ என்னவோ, பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.

"இன்னொண்ணை எங்க விட்டா?" என்றான் சபேசன்.

"எத்தனை போட்டாலும் ஒண்ணை உதறிருவா. அவ குணம் அது."

அம்சவேணி படத்தைக் கீழே வைக்கவில்லை. பிலோமினா ஆதார் நகல்களைக் கோப்பில் கோத்தார். கணினியில் எண்களை அடித்தார். நிறுத்தினார். நகலைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்.

"இவருக்கு அறுபதா? எங்கிட்ட நாப்பத்தொண்ணுன்னு இருக்கே."

அம்சவேணி எல்லாவற்றையும் சொன்னாள். சுருக்குப் பாதை, கடிகாரம், தீர்ப்பு. அவர் இடைமறிக்காமல் கேட்டார்.

"அம்மா, ரெண்டு வயசுக்குள்ள இருக்கற குழந்தைன்னா அப்பா அம்மா வயசைக் கூட்டினா எண்பத்தஞ்சுக்கு மேல போகக் கூடாது. சட்டம் அது. நேத்துவரைக்கும் உங்களுக்கு எழுபத்தெட்டு. இப்ப தொண்ணூத்தேழு."

"அதே ஆளுதாங்க. நீங்க வீட்டுக்கு வந்து பாத்த அதே ஆளு."

"பாத்தேன். காபி குடுத்தார். நானும் மனசுக்குள்ள நெனச்சேன், இவருக்கா நாப்பத்தொண்ணுன்னு. ஆனா பேப்பர்ல இருந்துச்சு, எழுதிட்டு வந்தேன். இப்பவும் பேப்பர்ல இருக்கறதைத்தான் எழுத முடியும்." அவர் குரல் தாழ்ந்தது. "எதுக்கும்மா மாத்தினீங்க?"

அம்சவேணி கையிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"பெரிய குழந்தைக்குப் பதியலாம். எட்டு, ஒன்பது வயசு. வரிசை புதுசா ஆரம்பிக்கும். அஞ்சாறு வருஷம்," என்றார் பிலோமினா. சொல்லிவிட்டு அவரே சபேசனைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இந்தக் குழந்தையைப் பதினஞ்சு நாள் உங்க பேர்ல நிறுத்தி வைக்கறேன். அதுக்கு மேல எங்கையில இல்ல."

வெளியே எதிர்ப்புறம் டீக்கடை இருந்தது. சபேசன் இரண்டு டீ சொன்னான். குடிக்காமல் மெஹருன்னிசாவுக்குப் போன் போட்டான். ஒலிபெருக்கியில் வைத்தான்.

"கம்பெனி அப்பீல் போட்டிருக்கான்னு சொன்னீங்களே மேடம்."

"போட்டா போடட்டும். அடிச்சு நொறுக்கிரலாம். செவ்வாய்க்கிழமை வருது."

"நாம எதிர்க்கலைன்னா?"

"எதிர்க்கலைன்னா தீர்ப்பு முழுசா ரத்து. பாதியை மட்டும் வெச்சுக்க முடியாது. பழைய வயசு, பழைய ஒப்பந்தம். மறுநாள் காலையில நீங்க வண்டியில இருக்கணும். ஏன் சார் கேக்கறீங்க?"

"அப்புறம் கூப்பிடறேன்," என்று வைத்தான்.

"வேண்டாம்," என்றாள் அம்சவேணி.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல வேண்டாம். எனக்குக் குழந்தை வேண்டாம். நீங்க போதும்."

"போட்டோவைக் குடு பாப்போம்."

அவள் பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். படத்தைத் திருப்பிக் கொடுக்காமல் எடுத்து வந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"ரெண்டு வருஷம்தானே அம்சா."

"எனக்கு ரெண்டு. உங்களுக்கு அஞ்சு."

"அஞ்சு. அப்ப அறுபத்தஞ்சு. எங்கப்பா எழுபத்தெட்டு வரைக்கும் இருந்தாரு. இன்னும் பதிமூணு வருஷம் இருக்கு. அவ பத்தாவது படிப்பா."

"எல்லாம் கணக்காப் போச்சா உங்களுக்கு?"

"உள்ள உக்காந்தா வேற என்ன வேலை? கணக்குதான்." அவன் டீயில் படிந்த பாலாடையை விரலால் எடுத்துப் போட்டான். "நான் போகாம இருந்தா உனக்கு நான் மட்டும்தான். நானும் எத்தனை நாளைக்கு? உனக்கு நாப்பது, அம்பதுன்னு வரும்போது யாரு இருக்கா சொல்லு."

"போனா அவ வளர்றதை நீங்க பாக்கவே முடியாதேங்க."

"ஏன் முடியாது? அவளுக்கு நான் தெனமும் சாயங்காலம் வருவேன். ஒரு நாள்கூட விடாம. எனக்குத்தான் மூணு நாளைக்கு ஒரு தடவை." அவன் சிரிக்கப் பார்த்தான். "மூணு நாளைக்கு ஒரு தடவை பாத்தா நல்லா வளந்த மாதிரி தெரியும்."

அம்சவேணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாலையில் ஒரு பள்ளி வேன் போயிற்று. கவுன்ட்டரில் உட்கார்ந்து எத்தனை பேருக்கு எத்தனை ஊர்களின் தூரம் சொல்லியிருப்பாள். தன் வீட்டுக்கு எது வேண்டும் என்று வக்கீல் கேட்டபோது ‘எல்லாத்துக்கும்’ என்று ஒரே ஒரு சொல் கூடுதலாகச் சொல்லிவிட்டாள்.

"என்னாலதானே," என்றாள்.

"லூசு. உன்னாலதான் பன்னெண்டு நாள் கெடைச்சது. வருஷத்துல நான் அவ்வளவு நாள் சேந்தாப்பல தூங்கினதே இல்ல." அவன் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தான். "இப்ப போட்டோவைக் குடு."

அவள் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை மெஹருன்னிசா மேல்முறையீட்டு மன்றத்தில் எழுந்து, எதிர்மனுதாரருக்கு ஆட்சேபணை இல்லை என்றார். கம்பெனி வக்கீல் நம்பாமல் மறுபடி சொல்லச் சொன்னார். மெஹருன்னிசா மறுபடி சொன்னார். அதற்காகக் கட்டணம் வாங்கிக்கொள்ளவில்லை. அம்சவேணியின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஓய்வு. மையத்தில் அன்றுதான் நேரம் கொடுத்திருந்தார்கள். புறப்படுவதற்கு முன் அம்சவேணி அவனை முற்றத்தில் உட்கார வைத்துத் தலைக்கும் மீசைக்கும் சாயம் பூசினாள். அந்த வாரம் நான்கு நாள் ஓட்டியிருந்தான். பன்னிரண்டு நாளில் மேடேறிய கன்னம் மறுபடி ஒடுங்கியிருந்தது. கறுத்த மீசை ஒடுங்கிய முகத்தில் வேறு யாருடையதோ போல இருந்தது. அவன் கண்ணாடி கேட்கவில்லை.

பிலோமினா படிவத்தை விரித்தார். பக்கத்து அறையில் ஒரு ஆயா எதையோ பாடி யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"தாயாரின் வயது?"

"முப்பத்தேழு."

"தந்தையின் வயது?"

"நாப்பத்தொண்ணு," என்றான் சபேசன்.

பிலோமினா நிமிர்ந்தார். அவன் காதோரம் தோலில் ஒட்டியிருந்த கறுப்பைப் பார்த்தார். பழைய ஆதார் நகலைப் பார்த்தார். பக்கத்து அறைக் கதவைப் பார்த்தார். பேனா காகிதத்தின் மேல் சற்று நின்றது.

"இது குழந்தைக்கு நல்லதான்னு நாலு நாளா யோசிக்கறேன்," என்றார். "எங்கிட்ட வரிசையில இருக்கற மத்தவங்களை எல்லாம் பாத்தேன். சின்ன வயசுக்காரங்க. அந்தச் சாக்ஸ் எங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

நாற்பத்தொன்று என்று எழுதினார்.

படிவத்தை அவர்கள் பக்கம் திருப்பி, உறுதிமொழியைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடச் சொன்னார். அம்சவேணி படிக்காமல் போட்டாள். சபேசன் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதலிலிருந்து படித்தான். உணவு, உடை, கல்வி, சொத்தில் பங்கு. கடைசி வரியில், குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறைவடையும்வரை அவளுடைய பாதுகாப்புக்கும் வளர்ப்புக்கும் தந்தையாகிய நான் உடனிருந்து பொறுப்பேற்கிறேன் என்று இருந்தது.

அந்த வரியை மட்டும் அவன் இரண்டு முறை படித்தான். பிறகு கையெழுத்துப் போட்டான்.